கேள்வி-பதில்: சந்தா நின்றால் வளாகச் சுற்றுலா என்ன ஆகும்?

கேள்வி: எங்கள் பல்கலைக்கழகத்தின் பன்னிரண்டு கட்டடங்களுக்கு மெய்நிகர் சுற்றுலா, அதாவது இணையத்திலேயே சுற்றிப் பார்க்கும் வசதி, தயாரிக்கிறோம். ஒரு நிறுவனம் மொத்தமாக ஒரு தொகை கேட்கிறது. இன்னொன்று அதில் பாதிதான் கேட்கிறது, ஆனால் ஆண்டுதோறும் சந்தா உண்டு. குழுவில் பலரும் இரண்டாவதன் பக்கம் சாய்கிறார்கள். சரிதானா?

பதில்: விலையைப் பிறகு பார்ப்போம். இரண்டு பேரிடமும் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: "அடுத்த ஆண்டு பணம் கட்டாவிட்டால் எங்கள் கையில் என்ன மிஞ்சும்?" பதில் சொல்லத் தயங்குகிறவரிடம் வாங்காதீர்கள்.

சந்தா முறையில் சுற்றுலா ஓடுவது அவர்களுடைய சர்வரில். நீங்கள் பணத்தை நிறுத்தினாலும், அவர்கள் கடையைச் சாத்தினாலும் உங்கள் இணைப்பைத் தட்டும் மாணவருக்கு வெற்றுப் பக்கம்தான். பெரிய நிறுவனம் என்றால் பயமில்லை என்று நினைக்க வேண்டாம். இப்படிச் சுற்றுலா தயாரிக்க உதவிய கூகுளின் டூர் கிரியேட்டர் 2018-இல் வந்தது, 2021 ஜூன் 30-இல் மூடப்பட்டது. இத்தனைக்கும் அது இலவசச் சேவை, யாரும் பணத்தை நிறுத்தியதால் மூடப்பட்டதல்ல!

ஆகவே ஒப்பந்தத்தில் மூன்று விஷயங்களை எழுதி வாங்குங்கள். சுற்றிலும் எடுத்த காட்சிகளை ஒன்றாக ஒட்டி முடித்த 360 டிகிரி படங்கள் முழு அளவில் உங்களுக்கு வர வேண்டும். அவற்றை எங்கும் பயன்படுத்தும் உரிமை உங்களுடையதாக இருக்க வேண்டும். சுற்றுலா முழுவதும் உங்கள் சர்வரிலேயே ஓடும்படி கோப்புகளாகக் கிடைக்க வேண்டும். மூன்றாவதற்கு மட்டும் மறுக்கிறார்களா? முதல் இரண்டும் இருந்தால் சமாளிக்கலாம். பானெலம், மார்சிபானோ என்று இலவசத் திறமூல மென்பொருள்கள் (நிரலை யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம்) இருக்கின்றன. நிரல் எழுதத் தெரிந்த மாணவர் ஒருவர் அவற்றில் மறுபடி கட்டிவிடுவார். படமே கையில் இல்லையென்றால் பன்னிரண்டு கட்டடங்களிலும் திரும்பக் காமிராவை நிறுத்த வேண்டும்.

மேட்டர்போர்ட் போன்ற சேவைகள் அறைகளை ஆழ அளவோடு ஸ்கேன் செய்து, கட்டடத்தையே பொம்மை வீடு போலச் சுழற்றிக் காட்டும். பார்க்க அழகு. ஆனால் சேரப்போகும் மாணவருக்கு அதில் என்ன பயன் என்று யோசியுங்கள். விடுதி அறையின் ஜன்னல் எந்தப் பக்கம், நூலகத்தில் சக்கர நாற்காலி போகும் வழி எது என்பதைத்தான் அவர் தேடுவார். அதற்குச் சாதாரண 360 படமும், தொட்டால் விவரம் காட்டும்படி சரியான இடத்தில் வைத்த குறிப்புப் புள்ளியும் போதும்.

கேள்வி: 360 டிகிரி காமிரா வாங்கி நாங்களே எடுத்தால்? "23 மெகாபிக்சல்" என்கிறார்கள், போதுமா?

பதில்: அந்த எண் கொஞ்சம் ஏமாற்றும். அந்தப் பிக்சல்கள் முழு வட்டத்துக்கும் பங்கு போகின்றன. அந்த 23 மெகாபிக்சல் வகைக் காமிராவான ரீக்கோ தீட்டா இசட்1 தரும் படத்தின் அகலம் 6720 பிக்சல். திரையில் ஒரு நேரத்தில் தெரிவது சுமார் 90 டிகிரி, அதாவது கால் பங்கு: 1680 பிக்சல். கைபேசிக்குத் தாராளம். பெரிய திரையில் அறிவிப்புப் பலகை எழுத்து மங்கும். அதே நிறுவனத்தின் தீட்டா எக்ஸ் 11008 பிக்சல் அகலம் தரும். கால் பங்கே 2752. ஆனால் ஒளியை வாங்கும் அதன் சென்சார் சிறியது, இருட்டான தாழ்வாரங்களில் இசட்1-தான் கைகொடுக்கும்.

இன்னொன்று, ஜன்னல். அறை தெரிந்தால் ஜன்னல் வெளுக்கும், ஜன்னல் தெரிந்தால் அறை கறுக்கும். வெவ்வேறு வெளிச்ச அளவில் அடுத்தடுத்து எடுத்து ஒன்றாக்கும் எச்.டி.ஆர். வசதி காமிராவில் உண்டா என்று பாருங்கள். காமிராவைக் கண் உயரத்தில், சுமார் ஒன்றரை மீட்டரில் வையுங்கள். ஆள் இல்லாத நேரத்தில் எடுங்கள். முகங்களை மங்கலாக்கும் வேலை மிச்சம். எடுப்பவர் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு கைபேசியில் தட்ட வேண்டியதுதான். இந்தக் காமிராவுக்கு முதுகுப்பக்கம் என்று ஒன்று கிடையாது.