ஏற்காட்டிலிருந்து இறங்கும் பஸ்ஸில் பிரேக் ஏன் அவ்வளவு சூடாகிறது?

உயரத்தில் இருக்கும் எந்தப் பொருளுக்கும் அந்த உயரத்தாலேயே ஓர் ஆற்றல் உண்டு. அதுதான் நிலை ஆற்றல். இறங்கும்போது அது ஓட்டமாக, அதாவது இயக்க ஆற்றலாக மாறும்.

ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம், சேலம் ஏறக்குறைய 280. 10 டன் பஸ் அவ்வளவு தூரம் கீழே வந்தால் வெளிப்படுவது கிட்டத்தட்ட 33 யூனிட் மின்சாரத்துக்குச் சமம்! அத்தனையும் வேகமாக மாறினால் எந்தக் கொண்டை ஊசி வளைவிலும் திரும்பவே முடியாது. அதனால் டிரைவர் கியரைக் குறைத்து, இன்ஜினைக் கொஞ்சம் இழுத்துப் பிடிக்க விடுகிறார். மீதியை பிரேக் உராய்ந்து வெப்பமாக்குகிறது. ஏரிக்கரைக் குளிரில் உள்ளங்கைகளைத் தேய்த்தால் சூடாகுமே, அதேதான். சில சமயம் அடிவாரத்தில் சக்கரத்துப் பக்கம் கருகிய வாடைகூட வரும்.

பிரேக் ஆற்றலை அழித்துவிடுவதாகப் பலர் நினைக்கிறார்கள். அழிவதில்லை, வெப்பமாகிக் காற்றில் கலக்கிறது.