அடைப்புக்குறிக்கு வெளியே நிக்கிற அஞ்சு

இந்த தடவை வந்த கேள்விகள்ல மூணு பேர் பங்கீட்டுப் பண்பு பத்தி, அதாவது அடைப்புக்குறிக்கு வெளிய இருக்கிற எண் உள்ள கூட்டல் கழித்தல்ல இருக்கிற ஒவ்வொண்ணையும் பெருக்கும்ங்கிறத பத்தி கேட்டிருக்காங்க, அதனால மூணுக்கும் சேர்த்தே எழுதிடுறேன். நோட்டுல நாம எக்ஸ்னு எழுதுற இடத்துல இங்க 'க'ன்னு போட்டிருக்கேன், குழம்பிடாதீங்க.

கேள்வி: சார், நான் டீச்சரா சேர்ந்து இது ரெண்டாவது வருஷம். பசங்க இயற்கணிதம் இப்பதான் ஆரம்பிச்சிருக்காங்க. 5(க + 3)ன்னு குடுத்தா நிறைய பேர் 5க + 3ன்னு எழுதுறாங்க. வெளிய இருக்கிறத உள்ள இருக்கிற ரெண்டாலயும் பெருக்கணும்னு அம்புக்குறி போட்டு, கலர் சாக்பீஸ்ல எல்லாம் காட்டிட்டேன். அன்னிக்கு சரியா போடுறாங்க, ஒரு வாரம் கழிச்சு பாத்தா திரும்ப அதே தப்பு. என்னதான் பண்றது?

பதில்: டீச்சர், நானும் பல வருஷம் அந்த அம்புக்குறிய நம்பினவன்தான், அதனால சொல்றேன், கொஞ்ச நாள் அத ஓரமா வைங்க. அம்பு கைக்கு ஒரு பழக்கத்த குடுக்குது, ஏன்ங்கிறத சொல்லல, பழக்கம் ஒரு வாரத்துல விட்டுப் போயிடும். பையன் இடமிருந்து வாசிச்சுட்டே வர்றான், 5ம் கவும் பக்கத்துல பக்கத்துல இருக்கு, பெருக்கிடுறான், அப்புறம் கூட்டல் குறி வந்ததும் அது வேற சமாச்சாரம்னு நெனச்சு 3ஐ அப்படியே இறக்கி வெச்சிடுறான். அடைப்புக்குறி அவன் கண்ணுல படவே இல்ல. (க + 3)ங்கிறது மொத்தமா ஒரே ஒரு எண், அத பிரிக்காம அப்படியே அஞ்சு தடவை எடுக்கணும்ங்கிறது அவனுக்கு இன்னும் புடிபடல, சிக்கலே அங்கதான்.

அதனால முதல்ல அவங்கள அஞ்சு தடவை எழுத சொல்லுங்க, நெஜமாவே எழுதணும். க + 3, அதுக்கு கீழ க + 3, இப்படி அஞ்சு வரி. எழுதி முடிச்சுட்டு மேல இருந்து கீழ கூட்ட சொல்லுங்க. இடது பக்கம் அஞ்சு க, வலது பக்கம் அஞ்சு மூணு. கடைசியில ஒரே ஒரு மூணுதான் இருக்குன்னு யாரும் சொல்ல மாட்டாங்க, ஏன்னா அஞ்சும் கண்ணு முன்னாடியே நிக்குது.

என்கிட்ட படிச்ச ஒரு பொண்ணு 5க + 3தான் சரின்னு ரொம்ப உறுதியா இருந்தா. நான் தப்புன்னு சொல்லல, கவுக்கு 2 போட்டு ரெண்டு பக்கமும் பாரும்மான்னு மட்டும் சொன்னேன். அடைப்புக்குறியோட போட்டா 5 × 5, 25. அவ எழுதினதுல போட்டா 10 + 3, 13. கொஞ்ச நேரம் ரெண்டையும் மாறி மாறி பாத்தா, பென்சில கீழ வெச்சுட்டு "மீதி 12 எங்க சார் போச்சு?"ன்னு கேட்டா. நான் பதில் சொல்றதுக்குள்ள அவளே அந்த அஞ்சு வரிய எழுதி, முதல் வரி மூண விட்டுட்டு மீதி நாலு மூண வட்டம் போட்டா. நாலு மூணு 12. அதுக்கப்புறம் அந்த தப்ப அவ பண்ணி நான் பாக்கல. தப்புன்னு நாம சிவப்பு மையில போடறதுக்கும், காணாம போனது இதுதான்னு அவங்களே கண்டுபுடிக்கிறதுக்கும் அவ்வளவு வித்தியாசம் இருக்கு டீச்சர். அதனால எத விரிச்சாலும் ஒரு எண்ண போட்டு சரிபாக்குற பழக்கத்த மட்டும் விடாம புடிச்சுக்கோங்க. ஆனா 0வும் 1ம் வேணாம், அதுல சில தப்பு மாட்டாம தப்பிச்சிடும்.

இன்னொண்ணு, இது புதுப் பாடம்னு பசங்ககிட்ட ஆரம்பிக்காதீங்க. 47 × 6 மனசுலயே போட சொல்லுங்க. 40 × 6 = 240, 7 × 6 = 42, மொத்தம் 282ன்னு ஒருத்தராவது சொல்லுவாங்க. 98 × 7 கேட்டா 700ல இருந்து 14 கழிச்சு 686ன்னு சொல்ற பசங்களும் இருக்காங்க. அவங்க சின்ன கிளாஸ்ல இருந்து பண்ணிட்டு இருக்கிறது பங்கீட்டுப் பண்புதான், பேருதான் தெரியாது. கி.பி. 628ல பிரம்மகுப்தர் எழுதின நூல்லயே, பெருக்குற எண்ண துண்டு துண்டா பிரிச்சு ஒவ்வொண்ணாலயும் தனித்தனியா பெருக்கி கூட்டுற முறை இருக்கு. யூக்ளிட் அதுக்கும் ரொம்ப முன்னாடியே செவ்வகமா சொல்லிட்டார், அவரோட எலிமென்ட்ஸ் ரெண்டாம் புத்தகத்துல முதல் தேற்றமே இதுதான். 5 உயரம், க + 3 அகலம்னு ஒரு செவ்வகம் போட்டு நடுவுல ஒரு கோடு இழுத்தா ஒரு பக்கம் 5க, இன்னொரு பக்கம் 15. 'டிஸ்ட்ரிபியூட்டிவ்'ங்கிற பேரையே செர்வுவாங்கிற பிரெஞ்சு கணித அறிஞர் 1814லதான் வெச்சார். விஷயம் அவ்வளவு காலம் பேர் இல்லாமலே ஓடியிருக்கு, நம்ம கிளாஸ்லயும் பேர் கடைசியா வரட்டும்.

கேள்வி: என் பையன் 10 − (க − 3)ஐ 10 − க − 3ன்னு எழுதறான். "மைனஸ் இருந்தா குறி மாறும்"னு சொல்லி குடுத்தேன், ஏன்மா மாறணும்னு கேக்கறான், எனக்கு சொல்ல தெரியல.

பதில்: உங்க பையன் கேட்டது சரியான கேள்விம்மா. ஒரு 10 மீட்டர் கயிற எடுத்துக்க சொல்லுங்க. அதுல க மீட்டர விட 3 கம்மியா வெட்டணும். அவன் அவசரத்துல முழு க மீட்டரையும் வெட்டிட்டான், இப்ப மிச்சம் 10 − க. ஆனா 3 மீட்டர் அதிகமா வெட்டியாச்சே, அத திருப்பி ஒட்டணும்ல, அந்த ஒட்டுதான் + 3. ஆக 10 − க + 3, அதாவது 13 − க. க = 5 போட்டு பாக்க சொல்லுங்க, 10 − 2ம் 8, 13 − 5ம் 8, அவன் எழுதினதுல மட்டும் 2 வரும். இது புரிஞ்ச பிறகு, அடைப்புக்குறிக்கு முன்னாடி கண்ணுக்கு தெரியாத ஒரு −1 பெருக்கல்ல நிக்குதுன்னு சொல்லலாம், முதல்லயே சொன்னா அதுவும் இன்னொரு மந்திரமாத்தான் போகும்.

கேள்வி: நான் ஸ்டூடன்ட். 2(க + 3)ல 2 உள்ள போகுது, ஆனா (க + 3)²ல அந்த வர்க்கம் மட்டும் ஏன் உள்ள போகக்கூடாது? க² + 9 போட்டு மார்க் போச்சு.

பதில்: தம்பி, உள்ள போறதுங்கிற வார்த்தையே உங்கள ஏமாத்துது. பங்கீடு நடக்கிறது கூட்டல் கழித்தல் மேல பெருக்கல் வரும்போது. பெருக்கல் மேல பெருக்கல் வந்தா கூட நடக்காது, 2(3 × 4) 24தான், ரெண்டையும் ரெட்டிச்சு 6 × 8 போட்டா 48 ஆயிடும். வர்க்கம் இன்னும் வேற, (க + 3)²ன்னா (க + 3)ஐ (க + 3)ஆலயே பெருக்கணும். க = 10 வைங்க, 13 × 13 = 169, உங்க விடை 109, 60 கொறையுது. ஒரு சதுரம் போட்டு மேலயும் பக்கத்துலயும் 10, 3ன்னு பிரிங்க, 100ம் 9ம் எதிரெதிர் மூலையில இருக்கும், மீதி ரெண்டு மூலையிலயும் 10க்கு 3ன்னு ரெண்டு பட்டை, ஒவ்வொண்ணும் 30. அந்த ரெண்டு பட்டைதான் 6க. அடுத்து (க + 3)(க + 5)க்கும் இதே மாதிரி கட்டம் போட்டு பாருங்க, நாலு அறை வரும், க = 10 வெச்சா நாலும் சேர்ந்து 195 வரணும்.