தோட்டக்காரர்களின் கையெழுத்து – கடிதம்

அன்புள்ள ஐயா,

பிரிட்டனின் ராயல் தோட்டக்கலைச் சங்கத்தைப் பற்றி நீங்கள் எழுதிய குறிப்பைப் படித்தேன். ஏழு பேர் ஒரு புத்தகக் கடையில் கூடித் தொடங்கியது இருநூறு ஆண்டுகளைத் தாண்டி நிற்கிறது என்று நெகிழ்ந்து எழுதியிருந்தீர்கள். எனக்கு அதில் ஒரு நெருடல். அந்த ஏழு பேரில் பலர் செல்வந்தர்கள், அரண்மனையை அண்டி வாழ்ந்தவர்கள். உலகமெங்கும் ஆளனுப்பிச் செடிகளை அள்ளிக்கொண்டு வந்த சங்கம் இது. சீனாவின் தேயிலையைத் திருடிய ராபர்ட் ஃபார்ச்சூனை அனுப்பியதும் இவர்கள்தானே? இன்று செல்சியில் நடக்கும் மலர்க் கண்காட்சியைப் பார்த்தாலும் பணக்காரர்களின் திருவிழாவாகத்தான் தெரிகிறது. செடியை நேசிக்கும் ஒரு சாதாரண ஆளுக்கு இந்த வரலாற்றில் என்ன இருக்கிறது? நானும் சில நண்பர்களும் சேர்ந்து ஒரு சிறு சங்கம் தொடங்க நினைக்கிறோம். அதனால்தான் கேட்கிறேன்.

அன்புடன்,
ம.

அன்புள்ள ம.,

உங்கள் நெருடலில் பாதிக்கு மேல் நியாயம் இருக்கிறது. என் குறிப்பில் அதைத் தொடாமல் போனது சரியில்லை.

முதலில் அந்த ஏழு பேர். 1804 மார்ச் 7 அன்று லண்டன் பிக்கடில்லியில் ஹேட்சர்ட் புத்தகக் கடையில் கூடினார்கள். யோசனை ஜான் வெட்ஜ்வுட்டுடையது. பீங்கான் தொழிலில் பேர்பெற்ற குடும்பத்தின் மகன். 1801லேயே அரசரின் தோட்டக்காரர் வில்லியம் ஃபோர்சித்துக்குக் கடிதம் எழுதி இந்தப் பேச்சை ஆரம்பித்தவர் அவர். அந்த ஃபோர்சித், இன்னொரு அரசத் தோட்டக்காரரான வில்லியம் எய்ட்டன், அறிவியலாளர்களின் சங்கமான ராயல் சொசைட்டியின் தலைவர் ஜோசப் பேங்க்ஸ், பிரபுக் குடும்பத்து சார்லஸ் கிரெவில், தாவரவியலாளர் ரிச்சர்ட் சாலிஸ்பரி ஆகியோரும் இருந்தார்கள். ஏழாவது ஆளை எல்லோரும் வேகமாகக் கடந்துவிடுகிறோம். அவர் பெயர் ஜேம்ஸ் டிக்சன். ஸ்காட்லாந்தில் எளிய குடும்பத்தில் பிறந்து, தோட்ட வேலைக்குப் போய், பிறகு கோவென்ட் கார்டனில் விதைக்கடை வைத்தவர். பாசி வகைகளில் அவருக்கு இருந்த ஞானத்தைப் பார்த்து பேங்க்ஸ் தன் நூலகத்தையே அவருக்குத் திறந்துவிட்டார். அன்றைய இங்கிலாந்தில் ஒரு பிரபுவும் ஒரு விதைக்கடைக்காரரும் சமமாக உட்கார்ந்து பேசக்கூடிய மேசைகள் அதிகம் இருந்திருக்காது. செடி அப்படி ஒரு மேசையைப் போட்டது. அதைச் சின்ன விஷயமாக என்னால் நினைக்க முடியவில்லை.

அடுத்து ஃபார்ச்சூன். இங்கே ஒரு திருத்தம். தேயிலைச் செடிகளையும் விதைகளையும் சீனாவிலிருந்து இந்தியாவுக்குக் கடத்துவதற்காக 1848இல் அவரை அனுப்பியது கிழக்கிந்தியக் கம்பெனி. தோட்டக்கலைச் சங்கம் அவரை அனுப்பியது அதற்கு முன்னால், 1843இல். ஆனால் இதைச் சொல்லிச் சங்கத்தைத் தப்பிக்கவிட நான் விரும்பவில்லை. பிரிட்டனுடன் நடந்த அபினிப் போரில் சீனா தோற்று 1842இல் நான்கிங் ஒப்பந்தம் கையெழுத்தான உடனே, திறந்துவிடப்பட்ட துறைமுகங்கள் வழியாகத்தான் அந்தப் பயணம் நடந்தது. பீரங்கி திறந்த கதவு அது. சங்கம் அவருக்குக் கொடுத்த பட்டியலில் நீல நிறப் பியோனி, மஞ்சள் கமீலியா, பீக்கிங்கின் பெரிய பீச் பழம் இவற்றோடு பலவகைத் தேயிலை தரும் செடிகளும் இருந்தன. ஆக, உங்கள் குற்றச்சாட்டு அனுப்பியது யார் என்பதில்தான் தவறு, அடிப்படையில் இல்லை.

அதே பயணத்தின் இன்னொரு பக்கத்தையும் பாருங்கள். ஃபார்ச்சூனுக்குச் சம்பளம் வருடத்துக்கு 100 பவுண்டு. துப்பாக்கி வேண்டும் என்று கேட்டபோது சங்கம் முதலில் மறுத்தது. வாதாடி வாங்கிக்கொண்டு போனார். கடற்கொள்ளையர்கள் படகைத் துரத்தியபோது காய்ச்சலோடு படுத்திருந்தவர் எழுந்து வந்து சுட்டார். அந்தத் துப்பாக்கிதான் உயிரைக் காப்பாற்றியது. மார்கழிக் குளிரில் இலையில்லாத கொம்பில் மஞ்சளாகப் பூக்கும் குளிர்கால மல்லிகை அவர் அனுப்பிய செடிகளில் ஒன்று. சங்கம் அனுப்பியவர்களில் திரும்பி வராதவர்களும் உண்டு. ஜான் ஃபோர்ப்ஸ் 1823இல் மொசாம்பிக்கில் இறந்தார். கல்தச்சர் மகனான டேவிட் டக்ளஸ் சங்கத்துக்காக 1824 முதல் 1827 வரை வட அமெரிக்காவின் மேற்குக் காடுகளில் அலைந்தார். டக்ளஸ் ஃபிர் மரத்தின் விதையும், வசந்தத்தில் சிவந்து பூக்கும் கரண்ட் என்ற புதர்ச்செடியும் அவர் வழியாகத்தான் பிரிட்டனுக்கு வந்தன. சங்கத்தின் வேலையை விட்ட பிறகு, 1834இல் ஹவாயில், காட்டு மாட்டைப் பிடிக்கத் தோண்டிய குழிக்குள் விழுந்து இறந்தார். உள்ளே ஏற்கெனவே ஒரு காளை சிக்கியிருந்தது. அவருக்கு அப்போது 35 வயது. அள்ளிக்கொண்டு வந்த சங்கம்தான். ஆனால் கூலிக்கு அலைந்து அள்ளியவர்கள் சாதாரண ஆட்கள்.

நான் அந்தக் குறிப்பை எழுதியதற்கு உண்மையான காரணம் இனிமேல் சொல்லப்போவது.

1820களின் தொடக்கத்தில் சங்கம் லண்டனை ஒட்டிய சிஸ்விக்கில் டெவன்ஷயர் பிரபுவின் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துத் தோட்டம் போட்டது. அங்கே வேலைக்குச் சேரும் இளம் தோட்டக்காரர்கள் ஒரு பதிவேட்டில் தங்கள் கையாலேயே தங்களைப் பற்றி எழுதவேண்டும். எங்கே பிறந்தேன், அப்பா என்ன வேலை செய்தார், இதற்கு முன் எந்தத் தோட்டத்தில் இருந்தேன் என்று. தோட்டக்காரர்கள், கூலியாட்களின் கையெழுத்துப் புத்தகம் என்று அதற்குப் பெயர். இன்றும் சங்கத்தின் நூலகத்தில் பத்திரமாக இருக்கிறது. இருநூறு வருடத்துக்கு முந்தைய தோட்டக் கூலியாளின் கையெழுத்து, அவருடைய சொந்த வாக்கியங்களில்! நாட்டை ஆண்டவர்களின் கையெழுத்து எங்கும் கிடைக்கும். மண்ணைக் கொத்தியவனின் கையெழுத்து எத்தனை ஆவணக் காப்பகங்களில் இருக்கிறது?

அதில் 1823 நவம்பரில் ஓர் இளைஞன் எழுதியிருக்கிறான். அப்பா விவசாயி, இறந்துவிட்டார், நான் 1801இல் பிறந்தேன் என்கிறான். உண்மையில் அவன் பிறந்தது 1803. வயதைக் கூட்டிச் சொன்னால்தான் வேலை நிற்கும் என்று நினைத்திருப்பான் என்பது என் ஊகம். பக்கத்துத் தோட்டத்துக்கு உரியவரான டெவன்ஷயர் பிரபு சிஸ்விக்கில் அவனைக் கவனித்து, 1826இல் சாட்ஸ்வர்த் மாளிகையின் தலைமைத் தோட்டக்காரனாக அழைத்துக்கொண்டார். அப்போது அவனுக்கு 22 வயதுதான். 1851இல் லண்டனில் கண்ணாடியாலும் இரும்பாலும் எழுந்த கிரிஸ்டல் பேலஸை வடிவமைத்த ஜோசப் பேக்ஸ்டன் அவன்தான். அந்த முதல் கையெழுத்தும், அதிலுள்ள இரண்டு வருடப் பொய்யும் இன்னும் அழியாமல் இருக்கின்றன. பேக்ஸ்டனை உலகம் எப்படியும் நினைவில் வைத்திருக்கும். என் மனதைத் தொடுவது அதே புத்தகத்தில் எழுதிவிட்டுப் போன மற்றவர்கள்.

இந்த எழுதிவைக்கும் பழக்கத்தைத்தான் நான் அந்தச் சங்கத்தின் உயிர் என்று நினைக்கிறேன். அதற்கு இன்னொரு சாட்சி உண்டு. சீனத் துறைமுக நகரான கான்டனில் தேயிலைத் தரம் பார்க்கும் வேலையில் இருந்த ஜான் ரீவ்ஸ், சங்கத்துக்காக உள்ளூர் ஓவியர்களைக் கொண்டு சீனச் செடிகளை வரையவைத்து அனுப்பினார். அவர்களில் நான்கு பேரைக் குறித்துவைத்திருக்கிறார்: அகுட், அகாம், அகியூ, அசுங். முழுப் பெயர்கூட இல்லை, கூப்பிடும் பெயர்தான். ஆனாலும் அந்த நான்கு சொற்களை அவர் எழுதாமல் விட்டிருந்தால், அந்த அழகான சித்திரங்களை யார் வரைந்தார்கள் என்று கேட்க நமக்கு ஒரு துப்புகூடக் கிடைத்திருக்காது.

சரி, அந்தச் சித்திரங்களுக்கு என்ன ஆனது தெரியுமா? 1859இல் சங்கம் அவற்றை விற்றுவிட்டது. சித்திரங்களை மட்டுமல்ல, நூலகத்தையே ஏலம் விட்டது. கடன். தோட்டம், பயணங்கள், விருந்துகள் என்று செலவு எப்போதும் வரவை மீறியே போய்க்கொண்டிருந்தது. என்னைக் கேட்டால் அந்தச் சங்கம் செய்த மிகப்பெரிய தவறு அதுதான். சித்திரங்களில் ஒரு பகுதியை மீட்கப் பல பத்தாண்டுகள் ஆயின.

அந்த ஏலத்தைப் பார்த்துக்கொண்டிருந்த ஒருவரை நினைத்தால் எனக்குத் தாங்காது. ஜான் லிண்ட்லி. நாற்றங்கால் வைத்து நொடித்துப்போன ஒருவரின் மகன். அப்பாவின் கடனைத் தன் தலையில் ஏற்றுக்கொண்டவர். 1822இல் சங்கத்தின் வேலையில் சேர்ந்து சுமார் நாற்பது வருடம் அதைச் சுமந்தார். கூடவே லண்டன் பல்கலைக்கழகத்தில் தாவரவியல் பேராசிரியர். 1838இல் லண்டனின் தாவரவியல் தோட்டமான கியூவைப் பற்றி அவர் தலைமையில் எழுதப்பட்ட அறிக்கை இல்லாவிட்டால் கியூ இன்று இருந்திருக்குமா என்பதே சந்தேகம். 1865இல் அவர் இறந்தார். அவருடைய சொந்தப் புத்தகங்களை விலைக்கு வாங்கித்தான் சங்கம் மறுபடியும் ஒரு நூலகத்தைத் தொடங்கியது. இந்தமுறை 1868இல் தனி அறக்கட்டளை ஒன்றின் பொறுப்பில் அதை வைத்தார்கள். எந்த நெருக்கடியிலும் சங்கம் புத்தகங்களில் கைவைக்க முடியாதபடி. லிண்ட்லி நூலகம் என்று இன்றும் அதற்குப் பெயர்.

லண்டனின் கென்சிங்டனில் சங்கம் தோட்டம் வைத்திருந்த காலத்தை விரிவாகச் சொல்லப்போவதில்லை. இளவரசர் ஆல்பர்ட் தலைவரானார், 1861இல் ‘ராயல்’ என்ற அடைமொழி வந்தது, பளிங்கும் நீரூற்றுமாக ஒரு பெருந்தோட்டம் எழுந்தது. நீங்கள் வெறுக்கும் எல்லாமே அங்கே இருந்தது. 1888இல் கடனோடு அதைவிட்டு வெளியேறினார்கள். உறுப்பினர்கள் ஆயிரம் சொச்சம் பேர்தான் மிஞ்சினார்கள்.

அப்போது செயலாளராக வந்தவர் வில்லியம் வில்க்ஸ். ஷெர்லி என்ற ஊரின் பாதிரியார். ஏழு ஸ்தாபகர்களையும்விட எனக்கு இவர் பெரியவர். 1880 வாக்கில் ஒருநாள் தன் தோட்டத்தின் மூலையில், வயலோரம் தானாக முளைக்கும் செக்கச்சிவந்த பாப்பிகளுக்கு நடுவே, இதழோரம் மெல்லிய வெள்ளைக் கரை உள்ள ஒரே ஒரு பூவைக் கண்டார். அதற்கு அடையாளம் வைத்து விதை எடுத்தார். விதைத்து, நல்லதை நிறுத்தி மற்றதைப் பிடுங்கி, மறுபடி விதைத்து, வருடக்கணக்காக அதையே செய்தார். வெள்ளையும் இளஞ்சிவப்புமாக, நடுவில் கறுப்பே இல்லாத ஷெர்லி பாப்பிகள் அப்படி உருவானவை. ஒரு நாற்றுப் பண்ணைக்கு விற்றிருக்கலாம். அவரோ கேட்டவர்களுக்கெல்லாம் விதையைச் சும்மா கொடுத்தார். உலகமெங்கும் பூக்கும் அந்த வகை அவர் வீட்டு மூலையில் நின்ற ஒற்றைச் செடியிலிருந்து வந்தது.

அந்த மனிதர்தான் சங்கத்தை நடத்தினார். 1920இல் அவர் விலகியபோது உறுப்பினர்கள் பதினைந்தாயிரத்துக்கு மேல். விஸ்லியில் இருக்கும் தோட்டத்தை தாமஸ் ஹான்பரி 1903இல் வாங்கிச் சங்கத்துக்குக் கொடையாக அளித்தது அவர் காலத்தில்தான். மரபியலுக்கு அடித்தளமிட்ட மெண்டல் தன் பட்டாணிச் சோதனைகளைப் பற்றி எழுதிய கட்டுரையின் ஆங்கில மொழிபெயர்ப்பு முதலில் வெளிவந்தது எங்கே என்று நினைக்கிறீர்கள்? 1901இல், இந்தத் தோட்டக்கலைச் சங்கத்தின் இதழில். 1906இல் சங்கம் கூட்டிய கலப்பின மாநாட்டில்தான் வில்லியம் பேட்சன் மரபியல் துறைக்கு அதன் ஆங்கிலப் பெயரைப் பொதுமேடையில் முன்வைத்தார். மகரந்தத்தைத் தூரிகையில் தொட்டு வேறொரு பூவில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்த தோட்டக்காரர்களுக்கு முன்னால் அது நடந்தது. அது நடக்க அதைவிடப் பொருத்தமான இடம் இல்லை.

பெண்களைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். 1830இலேயே அவர்கள் உறுப்பினராகலாம் என்றார்கள். ஆனால் 1897இல் சங்கம் தன் விக்டோரியா பதக்கத்தை முதன்முதலாக வழங்கியபோது, 60 பேரில் பெண்கள் இரண்டே பேர்: கெர்ட்ரூட் ஜீக்கல், எல்லென் வில்மாட். கதவைத் திறப்பது வேறு, உள்ளே நாற்காலி போடுவது வேறு.

செல்சி கண்காட்சி 1913 முதல் அந்த இடத்தில் நடக்கிறது. அதில் பணத்தின் பளபளப்பு உண்டு, மறுக்கவில்லை. அதன் கூடாரத்துக்குள் ஒரே ஒரு செடிவகையோடு வாழ்நாள் முழுக்க வாழ்ந்த ஆட்களும் நிற்கிறார்கள். நான் அவர்களைப் பார்க்கிறேன்.

உங்கள் புதிய சங்கத்துக்கு வருகிறேன். என் தோட்டத்தில் ஒரு கொடி இருக்கிறது. யாரோ அன்போடு ஒரு கொம்பை ஒடித்துக் கொடுத்தது. பெயரையும் அன்று எழுதவில்லை, கொடுத்தவர் யார் என்றும் எழுதவில்லை. ஒவ்வொரு முறை பூக்கும்போதும் அது உறுத்துகிறது. தலைவர் யார், செயலாளர் யார் என்பதையெல்லாம் மெதுவாக முடிவுசெய்யலாம். முதல் கூட்டத்துக்கே ஒரு தடித்த நோட்டு வாங்கிவையுங்கள். வருகிற ஒவ்வொருவரும் தன் கையால் எழுதட்டும்: நான் யார், என்னிடம் என்ன செடி இருக்கிறது, அது யாரிடமிருந்து வந்தது. வீட்டுக்காரருக்காகத் தோட்டத்தைப் பார்த்துக்கொள்பவர் கூட வந்தால் அவரும் எழுதட்டும். எழுதத் தெரியாதவர் சொல்லட்டும், பக்கத்தில் இருப்பவர் எழுதட்டும். அந்த நோட்டை எந்தக் காரணத்துக்காகவும் யாருக்கும் விற்கவோ தூக்கிப்போடவோ கூடாது என்பதை உங்கள் முதல் விதியாக வையுங்கள்.

அப்புறம், விதை பரிமாறும் நாள் ஒன்றைக் குறித்துவிட்டு எனக்கு எழுதுங்கள். என்னிடம் இருப்பதில் கொஞ்சம் அனுப்புகிறேன். எந்த விதை, யார் தந்தது, எந்த வருடம் என்று உறையின் மேல் எழுதியே அனுப்புவேன்.

அன்புடன்.