மேக்னெட்டோவை எடுத்துவிட்டு எலெக்ட்ரானிக் இக்னிஷன் போடலாமா?

மாடல் விமானத்துக்கான பழைய ஜெனோவா (Zenoah) ஜி-38 பெட்ரோல் எஞ்சின், மேக்னெட்டோவோடு (பேட்டரி இல்லாமல், ஃப்ளைவீல் காந்தம் சுற்றுவதிலேயே பொறி உண்டாக்கும் அமைப்பு), உங்களிடம் இருக்கிறது. மாற்றினால் நல்லதா, எதைப் பார்த்து வாங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் விமானத்தைப் பாருங்கள். மூக்கு குட்டையான போர் விமான மாடல் என்றால், எடை சமநிலைக்காக எப்படியும் முன்னால் ஈயம் வைக்கத்தான் போகிறீர்கள். அந்த வேலையை மேக்னெட்டோவின் கனத்த ஃப்ளைவீலே செய்துவிடும், அப்படியே விட்டுவிடலாம். எடை குறைய வேண்டும், கையால் ஒரு தட்டு தட்டினால் ஸ்டார்ட் ஆக வேண்டும் என்றால் மாற்றுங்கள். மேக்னெட்டோவுக்கு வேகமாகச் சுற்றினால்தான் நல்ல பொறி வரும். பொறி விழும் நேரமும் (டைமிங்) மாறாது, அதனால்தான் சில நேரம் ப்ரொப்பெல்லர் திருப்பி உதைத்து விரலைப் பதம் பார்க்கிறது. எலெக்ட்ரானிக்கில், எஞ்சினோடு சுற்றும் சின்னக் காந்தம், அதை உணரும் ஹால் சென்சாரைக் கடந்தாலே போதும். வேகம் குறைவாக இருக்கும்போது மாட்யூல் (பேட்டரியில் ஓடும் இக்னிஷன் பெட்டி) பொறியைத் தாமதப்படுத்தும். வேகம் ஏற ஏற, பிஸ்டன் உச்சிக்கு வர சுமார் 28 டிகிரி இருக்கும்போதே பொறி விடும்.

வாங்கும்போது ஸ்பார்க் பிளக்கின் மரை அளவைச் சொல்லிக் கேளுங்கள். டிஎல்இ-55 போன்ற எஞ்சின்களில் இருப்பது என்ஜிகே சிஎம்-6 பிளக், 10 மி.மீ. உங்கள் எஞ்சினில் 14 மி.மீ. பிளக்கின் மேல் மாட்டும் கேப் மாறினால் எதுவும் பொருந்தாது. அடுத்து வோல்டேஜ். பழைய மாட்யூல்கள் 4.8 முதல் 6 வோல்ட் வரைதான் தாங்கும். முழு சார்ஜில் 8.4 வோல்ட் காட்டும் 2 செல் லிப்போ பேட்டரியை நேராக மாட்டினால் கதை முடிந்தது. ரிமோட்டின் சிக்னலை வாங்கும் ரிசீவருக்கு ஒரு பேட்டரி, இக்னிஷனுக்குத் தனியாக ஒன்று. இதில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம்.

நான் அடிபட்டது கேப்பில்தான். த்ராட்டில் பாதிக்கு மேல் போனால் சர்வோக்கள் (விமானத்தின் அசையும் பாகங்களை இயக்கும் சின்ன மோட்டார்கள்) துடிக்கும். ரிசீவரை மாற்றினேன், ஆன்டெனாவை இடம் மாற்றினேன், ஒன்றும் நடக்கவில்லை. ஒரு நாள் இருட்டுகிற நேரத்தில் எஞ்சினை ஓடவிட்டு, ப்ரொப்பெல்லருக்குப் பின்னால் நின்று பார்த்தபோது, பிளக்கின் அறுகோண விளிம்பைச் சுற்றி மெல்லிய நீலப் பொறிகள். கேப்புக்குள் இருக்கும் ஸ்பிரிங் வளையம் தளர்ந்து, உலோக உறை பிளக்கை இறுக்கிப் பிடிக்காமல் இருந்திருக்கிறது; அந்தப் பொறிகளின் ரேடியோ இரைச்சல்தான் ரிசீவரைக் குழப்பியிருக்கிறது. வளையத்தைச் சரிசெய்து, அது 'டக்' என்று உட்காரும்வரை அழுத்தினேன். துடிப்பு நின்றது. அதனால் மாட்யூலின் விலையைப் பார்ப்பதற்கு முன் கேப் எவ்வளவு இறுக்கமாக உட்காருகிறது, வயரைச் சுற்றிய உலோகப் பின்னல் உறை முனைவரை முழுதாக இருக்கிறதா என்று பாருங்கள்.

அப்புறம், தூரத்திலிருந்தே எஞ்சினை நிறுத்த ரிமோட் கில் ஸ்விட்ச் ஒன்றும் சேர்த்து வாங்கிவிடுங்கள். பொறி வருகிறதா என்று சோதிக்கும்போது பிளக் கேப்புக்குள்ளேயே இருக்கட்டும். வெறும் கேப்பை வைத்துக்கொண்டு காந்தத்தை ஆட்டிப் பார்த்து, நான் ஒரு மாட்யூலைக் கொன்றிருக்கிறேன்.