பட்ஜெட்டில் இரண்டு டிவி, எதை எடுக்கலாம்? வாசகர் கேள்விகளும் பதில்களும்

வந்த கேள்விகளில் இருந்த மாடல் எண்களை வேண்டுமென்றே எடுத்துவிட்டேன். குறைந்த விலை டிவிகளில் ஒரே மாடல் வரிசையிலேயே 43 இன்ச்சில் ஒரு வகை பேனலும் (படம் தெரியும் திரைப் பகுதி) 55 இன்ச்சில் வேறு வகை பேனலும் இருக்கும். சில சமயம் ஒரே அளவிலேயே லாட்டுக்கு லாட் மாறும். அதனால் 'இந்த எண்ணை வாங்குங்கள்' என்பதைவிட, எதைப் பார்த்து வாங்குவது என்று சொல்வதுதான் உபயோகமாக இருக்கும்.

கேள்வி: ஏறக்குறைய ஒரே விலையில் இரண்டு டிவி. ஒன்று 50 இன்ச், அதிகம் கேள்விப்படாத பிராண்டு. அட்டை முழுக்க க்யூஎல்இடி, டால்பி விஷன் என்று எழுதியிருக்கிறது. இன்னொன்று 43 இன்ச், பெரிய கம்பெனி, எச்டிஆர்10 மட்டும். இரண்டும் 4கே. எட்டு அடி தூரத்தில் உட்கார்ந்து பார்ப்போம். எதை எடுக்கலாம்?

முதலில் தூரக் கணக்கு. திரையின் மூலைவிட்ட அளவை 1.6-ஆல் பெருக்கினால் படம் பார்க்க வசதியான தூரம் கிடைக்கும். 43 இன்ச்சுக்கு அது ஆறு அடிக்குள், 50 இன்ச்சுக்கு ஏழு அடிக்குச் சற்றுக் குறைவு. எட்டு அடியில் உட்கார்ந்தால் இரண்டுமே கொஞ்சம் சின்னதுதான். 43 ரொம்பவே சின்னது. ஏழு இன்ச் வித்தியாசம் என்று கேட்கும்போது அற்பமாகத் தோன்றும். பரப்பளவில் அது 35 சதவீதம் அதிகம்.

அடுத்து அட்டையில் இருப்பவை. க்யூஎல்இடி என்பதும் எல்சிடி டிவிதான். பேக்லைட்டுக்கு (திரைக்குப் பின்னால் எரியும் விளக்கு) முன்னால் குவாண்டம் டாட் படலம் ஒன்று சேர்ந்திருக்கும். அதனால் சிவப்பும் பச்சையும் இன்னும் தூய்மையாக வரும், பார்த்தாலே தெரியும். ஆனால் கறுப்பு கறுப்பாகத் தெரிவதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. டால்பி விஷனும் எச்டிஆர்10-உம் எச்டிஆரின், அதாவது வெளிச்சத்தையும் இருட்டையும் கூடுதல் வித்தியாசத்தோடு காட்டும் முறையின், இரண்டு வகைகள். டால்பி விஷன், காட்சிக்குக் காட்சி வெளிச்சம் எப்படி இருக்க வேண்டும் என்ற குறிப்பைப் படத்தோடு அனுப்பும். எச்டிஆர்10-இல் முழுப் படத்துக்கும் ஒரே குறிப்பு. எச்டிஆர் படங்கள் பெரும்பாலும் 1000 நிட்ஸ் (திரை வெளிச்சத்தின் அலகு) அல்லது அதற்கு மேல் வெளிச்சத்தை மனதில் வைத்துத் தயாராகின்றன. இந்த விலை டிவிகள் தருவது பொதுவாக 250 முதல் 350 நிட்ஸ்தான். குறிப்பு எவ்வளவு துல்லியமாக இருந்தால் என்ன, காட்டுவதற்கு வெளிச்சம் வேண்டுமே! ஆகவே டால்பி விஷனுக்காக ஒரு டிவியை எடுக்காதீர்கள், அது இல்லை என்பதற்காக இன்னொன்றை ஒதுக்கவும் செய்யாதீர்கள்.

நான் என்றால் 50 இன்ச்சை எடுப்பேன், இரண்டு விஷயம் சரியாக இருந்தால். ஒன்று, பேனலுக்கு எத்தனை வருஷம் வாரண்டி, பழுதானால் வீட்டுக்கு வந்து பார்க்க ஆள் உண்டா என்பது. பேனல் போனால் மாற்றும் செலவு பல சமயம் புது டிவியின் விலையை நெருங்கிவிடும், அதனால் இது சின்ன விஷயம் இல்லை. இரண்டாவது, முழுத் திரையும் ஒரே சாம்பல் நிறத்தில் இருக்கும் படம் ஒன்றை பென்டிரைவில் கொண்டுபோய்ப் போட்டுப் பாருங்கள். அழுக்குப் பட்ட மாதிரி திட்டுகளோ செங்குத்துக் கோடுகளோ தெரிந்தால், பந்து ஓடும் மைதானத்தில் அதுதான் தினமும் கண்ணில் படும். கடையில் வைத்திருக்கும் பீஸ் வேறு, உங்களுக்கு வரும் பீஸ் வேறு என்பதால், வீட்டுக்கு வந்த அன்றே இதை இன்னொரு முறை செய்துவிடுங்கள். மாற்றித் தரும் காலம் முடிந்தபின் கண்டுபிடித்துப் பயனில்லை.

கேள்வி: படுக்கையறைக்கு 32 இன்ச். எச்டி ரெடியா, ஃபுல் எச்டியா?

எச்டி ரெடி என்றால் 1366 x 768 புள்ளிகள். 32 இன்ச்சில் ஆறு அடிக்கு அப்பால் போனால், நல்ல பார்வை உள்ளவரும் அந்தப் புள்ளிகளைத் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்க முடியாது. கட்டிலில் படுத்தபடி ஏழெட்டு அடியில் பார்ப்பதற்கு எச்டி ரெடி போதும். லேப்டாப்பை இணைத்து எழுத்து படிப்பீர்கள் என்றால் மட்டும் ஃபுல் எச்டி.

கேள்வி: ஒன்றில் ஐபிஎஸ் பேனல், இன்னொன்றில் விஏ பேனல் என்கிறார்கள். நண்பர் ஐபிஎஸ்தான் உசத்தி என்கிறார். உண்மையா?

உங்கள் நண்பர் போனையும் கம்ப்யூட்டர் மானிட்டரையும் வைத்துச் சொல்லியிருப்பார். டிவியில் நிலைமை வேறு.

ஐபிஎஸ் பேனலில் வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள விகிதம், அதாவது கான்ட்ராஸ்ட், சுமார் 1000-க்கு 1. விஏ பேனலில் 3000-க்கு 1 சாதாரணமாகக் கிடைக்கும், 5000 வரைகூடப் போகும். பகலில் ஜன்னலைத் திறந்து வைத்துச் செய்தி பார்க்கும்போது இது தெரியாது. ராத்திரி விளக்கை அணைத்து ஒரு இருட்டுக் காட்சியைப் போடுங்கள்: ஐபிஎஸ்ஸில் வானம் சாம்பல் பூசியது போல இருக்கும், படத்துக்கு மேலும் கீழும் வரும் கறுப்புப் பட்டைகூட மங்கலாக ஒளிரும். விலை கூடிய டிவிகளில் பேக்லைட்டைப் பகுதி பகுதியாக அணைத்து இதைச் சமாளிப்பார்கள். பட்ஜெட் டிவியில் அந்த வசதி அபூர்வம் என்பதால் பேனலின் சொந்தக் கான்ட்ராஸ்ட்தான் கதி.

விஏ-வுக்கும் ஒரு குறை உண்டு. நேருக்கு நேர் உட்காராமல் பக்கவாட்டில் போகப் போக நிறம் வெளுக்கும். அறையின் மூலையில் டிவி, சுவரோரம் வரிசையாக நாற்காலி, ஆளுக்கொரு பக்கம் என்றால் ஐபிஎஸ் எடுப்பதில் நியாயம் இருக்கிறது. எதிரே ஒரே சோஃபா, பெரும்பாலும் ராத்திரி சினிமா என்றால் யோசிக்காமல் விஏ.

எந்தப் பேனல் என்பதை அட்டையில் அநேகமாகப் போட மாட்டார்கள். விற்பனையாளருக்கும் தெரிந்திருக்காது. கேட்டால் தைரியமாக ஏதாவது ஒன்றைச் சொல்வார், அது வேறு விஷயம். ஒரு முகம் பெரிதாகத் தெரியும் காட்சியில் நிறுத்திவிட்டு, பக்கவாட்டில் நான்கு எட்டு நடந்து பாருங்கள். முகம் வெளுத்துப் போனால் விஏ, அப்படியே இருந்தால் ஐபிஎஸ் வகை.

கேள்வி: ஒரு டிவியில் 60 ஹெர்ட்ஸ் என்றும், அதே விலை டிவியில் 120 என்றும் போட்டிருக்கிறது. 120-ஐ எடுப்பதுதானே புத்திசாலித்தனம்?

ஹெர்ட்ஸ் என்பது திரை வினாடிக்கு எத்தனை முறை படத்தைப் புதுப்பிக்கிறது என்ற கணக்கு. அந்த 120-க்கு முன்னால் 'மோஷன்' என்பது மாதிரி ஒரு வார்த்தை ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பேனல் பெரும்பாலும் 60 ஹெர்ட்ஸ்தான். மீதியெல்லாம் மென்பொருள் செய்யும் வேலை. இப்போது டிஎல்ஜி என்று இன்னொன்றும் வருகிறது. இதில் நிஜமாகவே 120 ஹெர்ட்ஸ் ஓடும், ஆனால் இரண்டிரண்டு வரிகளாகச் சேர்த்து எழுதுவதால் செங்குத்துத் தெளிவு பாதியாகிவிடும். கேம் ஆடுபவருக்கு அது ஒரு போனஸ். சினிமாவுக்கு வினாடிக்கு 24 ஃப்ரேம்தான், ஆகவே படம் பார்ப்பவர் இதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

கேள்வி: படம் நன்றாக இருக்கும் டிவியில் மெனு தடுமாறுகிறது, 1 ஜிபி ராம். வேகமாக இயங்கும் டிவியில் படம் சுமார். இரண்டில் எது?

படம் நன்றாக இருப்பது. இதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. மென்பொருள் தொல்லை கொடுத்தால் பின்னால் ஒரு ஸ்ட்ரீமிங் ஸ்டிக்கை (ஆப்களைத் தானே ஓட்டும் சின்னக் கருவி) செருகிக்கொள்ளலாம். டிவியின் பேனலை அப்படி மாற்ற வழியில்லை. எந்த டிவியாக இருந்தாலும் சில வருஷத்தில் ஆப்கள் கனத்துப் போகும், அப்டேட் நின்றுபோகும், அப்போது எப்படியும் ஸ்டிக் வாங்கத்தான் போகிறீர்கள்.

ஸ்டிக் இல்லாமலே ஓட்டப் போகிறீர்கள் என்றால் ஒன்றை மட்டும் உறுதி செய்யுங்கள். மிக மலிவான சில டிவிகளில் கூகுளின் அனுமதி பெறாத வெறும் ஆண்ட்ராய்டு இருக்கும். அவற்றில் வைட்வைன் எல்1 சான்று (திருட்டு நகலைத் தடுக்கும் கூகுளின் பாதுகாப்பு முறை) இல்லாவிட்டால், 4கே பேனலாகவே இருந்தாலும் நெட்ஃபிளிக்ஸ் போன்றவை பழைய டிவிடி அளவுத் தெளிவில்தான் ஓடும். கூகுள் டிவி, டைசன், வெப்ஓஎஸ் போன்றவற்றில் இந்தப் பிரச்சினை வராது.

கேள்வி: 20 வாட் ஸ்பீக்கரா, 40 வாட்டா?

வாட் எண்ணைப் பார்க்காதீர்கள். ஒல்லியான டிவிக்குள் கீழ்நோக்கி வைத்த சின்ன ஸ்பீக்கரில் 40 வாட் என்று எழுதினாலும் வசனம் அமுங்கித்தான் கேட்கும். என்றாவது சவுண்ட்பார் வாங்கும் எண்ணம் இருந்தால், எச்டிஎம்ஐ துளைகளில் ஒன்றிலாவது ஏஆர்சி அல்லது இஏஆர்சி என்று எழுதியிருக்க வேண்டும். டிவியின் ஒலியைச் சவுண்ட்பாருக்கு அனுப்பும் வழி அதுதான். ஓடிடியில் வரும் டால்பி அட்மாஸ் (சுற்றிலும் கேட்கும் ஒலி முறை) சாதாரண ஏஆர்சியிலேயே போகக்கூடியதுதான். புளூரே டிஸ்க்கின் முழு ஒலிக்குத்தான் இஏஆர்சி அவசியம்.

கேள்வி: கடையில் பளிச்சென்று இருந்தது. வீட்டில் முகமெல்லாம் ஒரு மாதிரி சிவந்து, படம் சீரியல் எடுத்த மாதிரி வழுவழுவென்று ஓடுகிறது. தப்பான டிவியை எடுத்துவிட்டேனா?

தப்பு டிவியில் இல்லை. இன்னும் கடை மோடில் ஓடுகிறது, அவ்வளவுதான். அமைப்புகளில் 'ஸ்டோர்' அல்லது 'டெமோ' என்றிருந்தால் 'ஹோம்' என்று மாற்றுங்கள். பிக்சர் மோடை 'மூவி' அல்லது 'ஃபிலிம்மேக்கர்' ஆக்குங்கள். முதல் நாள் மஞ்சளடித்த மாதிரி இருக்கும். ரெண்டு மூன்று நாள் பொறுங்கள், கண் பழகிவிடும், அப்புறம் பழைய நீலம்தான் விகாரமாகத் தெரியும். மோஷன் ஸ்மூத்திங்கை அணைத்துவிட்டால் அந்த வழுவழுப்பு போய்விடும். பெரும்பாலான டிவிகளில் ஷார்ப்னஸைப் பூஜ்ஜியத்துக்கு அருகே கொண்டுவந்தால் முகத்தைச் சுற்றித் தெரியும் வெள்ளைக் கோடு மறையும். இன்னும் வாங்காதவர்களுக்கும் இது உதவும்: இரண்டு டிவியையும் கடையிலேயே மூவி மோடில் போடச் சொல்லி ஒப்பிடுங்கள். ரிமோட்டைத் தர மறுக்கும் கடையில் வாங்காதீர்கள்.

கேள்வி: போன வருஷத்து உயர்ரக மாடல், இந்த வருஷத்து ஆரம்ப மாடல், இரண்டும் ஒரே விலைக்கு வருகிறது. எது?

போன வருஷத்து உயர்ரகம். பெட்டி சீல் பிரிக்காததா, வாரண்டி பில் தேதியிலிருந்து தொடங்குகிறதா என்று மட்டும் பாருங்கள். காட்சிக்கு வைத்திருந்த பீஸைத் தள்ளிவிடப் பார்த்தால் வேண்டாம். அது கடையில் நாள் முழுக்க, முழு பேக்லைட்டில் எரிந்திருக்கும்.