அரசுப் பள்ளிக்கு எழுதிய புத்தகமே போதும்

கேள்வி: நாங்கள் மதுரை திருநகரில் இருக்கிறோம். மகளுக்குப் பன்னிரண்டு வயது. ஆஸ்துமாவால் ஆறாம் வகுப்பில் பாதி நாள் பள்ளிக்கூடமே போகவில்லை. இந்த ஜூன் முதல் ஏழாம் வகுப்புப் பாடத்தை நானே வீட்டில் நடத்துகிறேன். நான் பி.எஸ்சி. கணிதம். கணவர் கிறிஸ்தவர், நான் இந்து. பாடப்புத்தகத்தில் எந்த மதமும் தலைகாட்டக் கூடாது என்று ஆரம்பத்திலேயே பேசி வைத்திருக்கிறோம். டல்லாஸில் இருக்கும் நாத்தனார் ஒரு பெட்டி நிறைய அமெரிக்க வீட்டுக்கல்விப் புத்தகங்கள் கொண்டுவந்து தந்தார். அறிவியல் புத்தகத்தைத் திறந்தால் உலகம் ஆறு நாளில் படைக்கப்பட்டதாக இருக்கிறது. இங்கே ஆன்லைனில் விற்கும் பாடத்தொகுப்புக்கோ முப்பதாயிரம், நாற்பதாயிரம் கேட்கிறார்கள். மாதம் ஆயிரம் ரூபாய்க்கு மேல் எங்களால் முடியாது. எதை வாங்குவது? பிற்பாடு பத்தாம் வகுப்பு எழுத முடியுமா?
- பெயர் வேண்டாம், திருநகர்

பதில்: ஆயிரம் ரூபாய் தாராளம். பல மாதங்களில் அதுகூடச் செலவாகாது.

முதலில் அந்தப் பெட்டி. உங்கள் நாத்தனார் தேடிப்பிடித்து மதப் புத்தகம் வாங்கி வந்தார் என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் வீட்டுக்கல்வி என்று பெயர் போட்டு விற்கும் புத்தகங்களில் பெரும்பங்கு அப்படித்தான் இருக்கும். மத நம்பிக்கைக்காகப் பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து நிறுத்திய குடும்பங்கள் அங்கே ஏராளம். அவர்களுக்காகவே வளர்ந்த பதிப்பகங்கள் இவை. அரசுப் பள்ளியில் கதை வேறு. படைப்புக் கொள்கையை அறிவியல் என்று அங்கே கட்டாயமாக நடத்தச் சொன்ன ஒரு மாநிலச் சட்டத்தை அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1987-இலேயே செல்லாது என்று சொல்லிவிட்டது. ஆகவே மதம் கலக்காத பாடம் வேண்டுமென்றால் வீட்டுக்கல்வி அலமாரியை விட்டுவிட்டு, அரசுப் பள்ளிகளுக்கு எழுதியதைத் தேடுங்கள். ஆறு முதல் எட்டு வகுப்பு வரையிலான அறிவியலுக்கு ஓப்பன்சையெட், கணக்குக்கு இல்லஸ்ட்ரேட்டிவ் மேத்தமேட்டிக்ஸ், இரண்டும் இணையத்தில் இலவசம். ஆங்கிலத்தில் இருக்கும், அடியும் அங்குலமும் டாலரும் வரும். பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம், அவ்வளவே.

பெட்டியில் இருக்கும் ஆங்கில இலக்கணமும் கணக்கும் உங்களுக்குப் பயன்படும். அறிவியலையும் வரலாற்றையும் மட்டும் பரணில் ஏற்றிவிடுங்கள். நாத்தனாரிடம் "இலக்கணப் புத்தகம் நல்லா இருக்கு அண்ணி" என்று சொன்னால் அதில் பொய் ஒன்றும் இல்லை. அடுத்த முறை வரும்போது என்ன வேண்டும் என்று கேட்டால், ஒரு நல்ல மைக்ராஸ்கோப் கேளுங்கள்.

இப்போது வாங்க வேண்டியது. நம் சமச்சீர்ப் புத்தகம்தான். தமிழ்நாடு பாடநூல் கழகம் வெளியிடும் ஏழாம் வகுப்புப் புத்தகங்கள், மூன்று பருவத்துக்கும் தனித்தனியாக. இணையத்தில் பிடிஎஃப் இலவசம். ஆனால் முழுவதையும் ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுக்கப் போகாதீர்கள், புத்தக விலையைத் தாண்டிவிடும். தெருவில் எட்டாம் வகுப்புக்குப் போய்விட்ட பிள்ளை இருக்கும், அந்த வீட்டில் கேளுங்கள். பழைய பேப்பர்காரரிடம் போவதற்கு முன் உங்களிடம் வரட்டும். அறிவியலுக்கு மட்டும் தமிழ் வழி, ஆங்கில வழி இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள். ஒளிச்சேர்க்கை என்று படித்தவள் மேல்வகுப்பில் ஆங்கிலச் சொல்லைப் பார்த்து முழிக்க மாட்டாள்.

"இதையா படிக்கப் பள்ளியிலிருந்து நிறுத்தினோம்?" என்று தோன்றலாம். நீங்கள் நிறுத்தியது மூச்சிரைப்புக்காக, பாடத்துக்காக இல்லையே. முப்பதாயிரம் ரூபாய்த் தொகுப்பில் பெரும்பாலும் இதே பாடம்தான் வழவழப்பான தாளில், ஸ்டிக்கரும் அட்டவணையும் சேர்த்து வரும். பிள்ளைக்கு அட்டவணை போட உங்களுக்குத் தெரியாதா என்ன?

மதம் தலைகாட்டக் கூடாது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒப்பந்தத்தைக் கொஞ்சம் தளர்த்த வேண்டியிருக்கும். ஏழாம் வகுப்பு சமூக அறிவியலில் பக்தி இயக்கம் வரும், சூஃபி வரும், தமிழகத்தில் சமணம், பௌத்தம், ஆசீவகம் என்று ஒரு பாடமே வரும். அதை எல்லாம் வெட்டினால் வரலாற்றில் மிச்சம் ராஜாக்களின் சண்டைதான். எந்தக் காலத்தில் யார் எதை நம்பினார்கள் என்று புத்தகம் சொல்லலாம். நீ எதை நம்ப வேண்டும் என்று சொல்லக் கூடாது. எந்தப் புத்தகம் கைக்கு வந்தாலும் மூன்று இடங்களைப் பிரித்துப் பாருங்கள்: பூமியும் உயிரும் எப்படி வந்தன என்ற இடம், வேறு மதத்தாரைப் பற்றிப் பேசும் இடம், பாடம் முடிந்து கேள்வி கேட்கும் இடம். விடை முன்பே தீர்மானமான கேள்விகளாக இருந்தால் மூடிவிடுங்கள்.

இந்தச் சோதனையை மத்திய அரசின் என்சிஇஆர்டி புத்தகத்துக்கும் வைக்க வேண்டும். அதன் கணக்குப் பயிற்சிகள் அருமை, பிடிஎஃப் இலவசம், உங்களைப் போன்றவர் கையில் கிடைத்தால் இன்னும் நல்லது. ஆனால் பத்தாம் வகுப்பு அறிவியலில் இருந்த பரிணாமப் பகுதியை 2023-இல் வந்த பதிப்பில் எடுத்துவிட்டார்கள். நம் மாநிலப் புத்தகத்தில் பத்தாம் வகுப்பில் அதற்குத் தனிப்பாடமே இருக்கிறது.

அந்தச் சமணப் பாடம் வரும்போது புத்தகத்தோடு நிற்காதீர்கள். திருநகரிலிருந்து கீழக்குயில்குடி சமணர் மலை பக்கம்தான். வெயில் ஏறுவதற்குள், காற்றில் தூசி இல்லாத நாளாகப் பார்த்துப் போங்கள். இன்ஹேலர் பையில் இருக்கட்டும். அடிவாரத்தில் தாமரைக் குளமும் அய்யனார் கோயிலும். செட்டிப்புடவு என்ற குகையில் பெரிய தீர்த்தங்கரர், அதாவது சமணர்களின் குரு, சிலையாக உட்கார்ந்திருப்பார். முடிந்தால் மேலே பேச்சிப்பள்ளம்: பாறையில் வரிசையாகச் சிற்பங்கள், அவற்றின் கீழே வட்டெழுத்து என்ற பழைய தமிழ் எழுத்து. அந்த எழுத்தில் ஒன்றிரண்டை அவள் நோட்டில் பார்த்து வரையட்டும். வீட்டுக்கு வந்ததும் இரண்டு கேள்வி: இதைச் செதுக்கச் சொன்னவர் யாராக இருக்கும்? கீழே கும்பிடுகிறவர்கள் மேலே இருப்பவரை என்ன பெயரில் கூப்பிடுகிறார்கள்? இரண்டு மதம் இருக்கும் வீட்டுப் பிள்ளைக்கு இதைவிட நல்ல பாடம் எந்தத் தொகுப்பிலும் கிடைக்காது. செலவு, வண்டிக்குப் பெட்ரோல்.

அறிவியல் செய்முறைக்கு அர்விந்த் குப்தாவின் இணையதளம் இருக்கிறது. தீக்குச்சியும் பழைய செருப்பும் வைத்துச் செய்யும் பொம்மைகள், இலவசப் புத்தகங்கள், தமிழிலும் உண்டு. செம்பருத்திப் பூவை வெந்நீரில் போட்டு வடிகட்டி, ஒரு கிண்ணத்தில் எலுமிச்சைச் சாறும் இன்னொன்றில் சோப்புத் தண்ணீரும் விட்டுப் பாருங்கள். ஒன்று கருஞ்சிவப்பாகும், மற்றது பச்சையாகும். மஞ்சள் தடவிய காகிதத்தில் அதே சோப்புத் தண்ணீரை விட்டால் சிவக்கும். அமிலம், காரம் பாடம் அடுப்படியிலேயே முடிந்துவிடும். தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் 'துளிர்' மாத இதழுக்குச் சந்தா கட்டுங்கள். உங்கள் பட்ஜெட்டில் முதல் செலவு அதுவாக இருக்கட்டும்.

கதைப் புத்தகம் வாங்கவே வேண்டாம். சிம்மக்கல் மாவட்ட மைய நூலகத்தில் உறுப்பினராகச் சேருங்கள். புதுநத்தம் சாலையில் 2023-இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் குழந்தைகளுக்கென்றே பெரிய பகுதி இருக்கிறது; வாரம் ஒரு நாள் அங்கேயே உட்காரலாம். மற்ற பிள்ளைகளைப் பார்க்கவும் ஓர் இடம் வேண்டும் அல்லவா? வீட்டில் படிக்கும் பிள்ளைக்குப் புத்தகத்தைவிட அதுதான் சீக்கிரம் தட்டுப்பாடாகும்.

கடைசியாகத் தேர்வு. 2009-ஆம் ஆண்டுக் கட்டாயக் கல்விச் சட்டம் ஆறு வயது முதல் பதினான்கு வரை பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்கிறது. சேர்க்காத பெற்றோருக்குத் தண்டனை எதுவும் அதில் இல்லை. வயதுக்கேற்ற வகுப்பில் எப்போது வேண்டுமானாலும் திரும்பச் சேரும் உரிமை பிள்ளைக்கு உண்டு. மகளுக்கு உடம்பு தேறினால் அந்த வழியை யோசியுங்கள் என்பது என் எண்ணம். டிசி இன்னும் வாங்கவில்லை என்றால் வாங்கிப் பத்திரமாக வையுங்கள்.

திரும்பப் போகவில்லை என்றால் தனித்தேர்வர்தான். எட்டாம் வகுப்புத் தனித்தேர்வுக்குப் பன்னிரண்டரை வயது நிறைந்திருக்க வேண்டும். அதில் தேறினால் பத்தாம் வகுப்பும் தனித்தேர்வராக எழுதலாம். பத்தாம் வகுப்பில் அறிவியல் செய்முறைக்குத் தனியாகப் பதிவு செய்து, ஒதுக்கும் பள்ளியில் பயிற்சிக்குப் போக வேண்டும். அறிவிப்பு செய்தித்தாளில் ஒரு மூலையில் சின்னதாகத்தான் வரும். எட்டாம் வகுப்பு முடிகிற ஆண்டில் மாவட்டக் கல்வி அலுவலகத்தில் நேரில் போய்க் கேட்டுவிடுங்கள். மத்திய அரசின் திறந்தநிலைப் பள்ளியிலும் பதினான்கு வயதில் பத்தாம் வகுப்புக்குப் பதியலாம், தமிழிலும் எழுதலாம். ஆனால் மாநிலப் பாடத்தைப் படித்துவிட்டு அங்கே போனால் பாடத்திட்டம் மாறும். ஏழிலேயே சமச்சீர் எடுத்தால் தனித்தேர்வு நேர்வழி.