குளிர் காலையில் கிளம்ப மறுக்கும் பழைய கார்: கேள்வி பதில்

சார், பேட்டரி மாற்றி ஒரு வருடம்தான் ஆகிறது. ஆனாலும் குளிரில் சாவியைத் திருப்பினால் 'டிக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். புதுசு வாங்கிவிடட்டுமா?

அவசரப்படாதீர்கள், முதலில் அளந்து பாருங்கள். இரவு முழுக்க நின்ற வண்டியில், காலையில் சாவி போடுவதற்கு முன் பேட்டரியின் இரு முனைகளிலும் வைத்த மல்டிமீட்டர் (வோல்ட் அளக்கும் கருவி) 12.6 வோல்ட் அளவில் காட்ட வேண்டும். 12.2 என்றால் பாதி சார்ஜ்தான் இருக்கிறது. அடுத்து, ஒருவரை செல்ஃப் அடிக்க, அதாவது சாவியைத் திருப்பி இன்ஜினைச் சுற்றும் மோட்டாரை ஓட்டச் சொல்லிவிட்டு மீட்டரைக் கவனியுங்கள். 9.6-க்குக் கீழே இறங்கினால் சார்ஜ் போதவில்லை, அல்லது பேட்டரி தளர்ந்துவிட்டது. 12-க்கு மேலேயே நின்றும் செல்ஃப் சுற்றவில்லையா? பேட்டரி மேல் பழி போடாதீர்கள். கரண்ட் போகும் வழியில் தடை இருக்கிறது, இல்லையென்றால் செல்ஃப் மோட்டாரிலேயே கோளாறு.

பேட்டரி முனையில் வயரைப் பிடித்திருக்கும் டெர்மினலைக் கழற்றி உள்பக்கம் பாருங்கள், நெகட்டிவை முதலில். வெளியே சுத்தமாகத் தெரியும் கிளாம்ப்பின் உள்ளே சாம்பல் நிறத்தில் ஒரு படலம் ஒட்டியிருக்கும். ஈயம் மின்னும்வரை உப்புத்தாளால் தேயுங்கள். வெள்ளையாகப் பூத்திருந்தால் சமையல் சோடா கலந்த வெந்நீரில் கழுவித் துடையுங்கள். அப்புறம் இன்ஜினுக்கும் பாடிக்கும் நடுவே ஓடும் எர்த் வயர். எல்லோரும் மறந்துபோகும் இடம் இதுதான். மீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும் மறுமுனையை இன்ஜின் இரும்பிலும் வைத்து செல்ஃப் அடித்தால், அரை வோல்ட் காட்டக்கூடாது. காட்டினால் அந்த வயரையும் அதன் போல்ட்டுகளையும் பாருங்கள்.

வெயில் நாளில் இதே வண்டி சட்டென்று கிளம்புகிறதே, குளிரில் மட்டும் ஏன்?

மைனஸ் 18 டிகிரியில் நல்ல பேட்டரியின் பலமே ஏறக்குறைய பாதியாகிவிடும். அதே நேரத்தில் ஆயில் கெட்டிப்பட்டு இன்ஜினைச் சுற்றவிடாமல் பிடிக்கும். 20டபிள்யூ-50 என்ற கெட்டி ஆயில் ஊற்றியிருந்தால், வண்டியின் கையேடு அனுமதிக்கும் 10டபிள்யூ-40 போன்ற இளகிய ஆயிலுக்கு மாறுங்கள். வித்தியாசம் காதிலேயே கேட்கும்.

அண்ணா, கார்பரேட்டர் வண்டி. சோக் இழுத்து, ஆக்சிலேட்டரை மிதித்து மிதித்துப் பார்க்கிறேன். பெட்ரோல் வாடைதான் வருகிறது.

மிதிப்பதை நிறுத்துங்கள். ஒவ்வொரு மிதிக்கும் பெட்ரோல் உள்ளே பீச்சி பிளக்கை நனைக்கிறது. இப்போது, காற்றைக் குறைத்து பெட்ரோல் விகிதத்தைக் கூட்டும் சோக்கை உள்ளே தள்ளி, ஆக்சிலேட்டரை அடிவரை அழுத்திப் பிடித்தபடி செல்ஃப் அடியுங்கள். பத்து விநாடிக்கு மேல் வேண்டாம், ஒரு நிமிடம் விட்டு மறுபடி. பிடித்ததும் காலைத் தளர்த்துங்கள். அடுத்த நாள் சோக்கை முழுக்க இழுத்துவிட்டு, கையேடு சொல்லும் அளவுக்கு மட்டும் மிதித்தால் போதும்.

பழைய டீசல். வெகுநேரம் சுற்றி, வெள்ளைப் புகையோடு குலுங்கிக் கிளம்புகிறது.

கிளம்பும் முன் இன்ஜின் உள்ளே சூடேற்றும் ஹீட்டர் பிளக்கில் ஒன்றிரண்டு செத்திருக்க வாய்ப்பு அதிகம். வயரைக் கழற்றி ஒவ்வொன்றாக மீட்டரில் ஓம் (மின்தடை) பாருங்கள். நல்ல பிளக் பெரும்பாலும் ஓர் ஓம் அல்லது அதற்கும் கீழே காட்டும். எதுவுமே காட்டாதது போய்விட்டது. தயவுசெய்து, சீக்கிரம் கிளம்பட்டும் என்று ஈதர் ஸ்பிரே மட்டும் அடிக்காதீர்கள். சூடான ஹீட்டர் பிளக்கில் பட்டால் குபீரென்று பற்றி இன்ஜினையே உடைத்துவிடும்.

என்னுடையது இன்ஜெக்ஷன் வண்டி. சோக்கே கிடையாது. செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் பிடிக்கவில்லை.

கூலன்ட் டெம்பரேச்சர் சென்சாரைச் சோதியுங்கள். அது 'இன்ஜின் சூடாக இருக்கிறது' என்று தப்பாகச் சொன்னால் கம்ப்யூட்டர் கூடுதல் பெட்ரோல் கொடுக்காது. சின்ன சாமான்தான். இதைப் பார்க்காமல் பெட்ரோல் பம்ப்பைக் கழற்றுவது வீண் செலவு.

கிளம்பியதும் எவ்வளவு நேரம் நின்ற இடத்திலேயே ஓடவிட வேண்டும்?

ஒரு நிமிடத்துக்குள் போதும், பிறகு மெதுவாக ஓட்டிச் சூடாக்குங்கள். மூடிய ஷெட்டுக்குள் மட்டும் ஓடவிடவே வேண்டாம். கார்பன் மோனாக்சைடுக்கு வாடை கிடையாது.

பேட்டரி இறங்கிவிட்டது. பக்கத்து வண்டியிலிருந்து வயர் போடலாமா?

போடலாம். கடைசி கறுப்பு கிளிப்பை உங்கள் பேட்டரியில் மாட்டாமல், தள்ளியிருக்கும் இன்ஜின் இரும்பில் மாட்டுங்கள். பேட்டரி உப்பியிருந்தாலோ உள்ளே உறைந்திருந்தாலோ தொடவே தொடாதீர்கள், வெடிக்கும்.